கூட்டணிக்குள் யார், வெளியில் யார்? இடதுசாரி ஐக்கியத்தைத் திருகோணமலையிலிருந்து வாசித்தல்

1957 ஒக்டோபர் 15ஆம் திகதி பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தை இலங்கை அரசிடம் கையளித்தது. அடுத்த மாதம் கட்டுநாயக்க விமானத் தளமும் கைமாறியது. இது இடதுசாரிகளின் வெற்றி என்று சொல்வதில் பிழையில்லை. 1947ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒப்பந்தத்தை முதல் நாளிலிருந்தே எதிர்த்தவர்கள் அவர்கள். வெள்ளைக்காரனின் கப்பல் எங்கட துறைமுகத்தில் நிற்கும்வரைக்கும் சுதந்திரம் அரைகுறைதான் என்று மேடைக்கு மேடை சொன்னவர்கள்.

ஆனால் டொக்யாட்டில் வேலை செய்தவர்களுக்கு அந்த வெற்றி வேலையிழப்பாகவே வந்து சேர்ந்தது. தளம் மூடப்பட்டதும் சுமார் 400 தமிழ்த் தொழிலாளர்கள் நிர்க்கதியானார்கள். அவர்களைப் பொலன்னறுவைப் பக்கம் குடியேற்றலாம் என்று அரசு யோசித்தது. அந்தச் செய்தி பரவியதும் அங்கே கடும் எதிர்ப்புக் கிளம்பியது, குழுக்கள் திரண்டன. 1958 மே மாத இனவன்முறை பொலன்னறுவையில் தொடங்கியதற்கு இதுவும் ஒரு பின்னணி. ஏகாதிபத்தியத்தை வெளியேற்றிய அதே அரசாங்கம், அந்த வெளியேற்றத்தால் வேலை இழந்த தொழிலாளிக்கு ஒரு துண்டு நிலம் கொடுக்க முடியாமல் நின்றது.

அந்த அரசாங்கத்தின் அமைச்சரவையில் ஒரு மார்க்சியரும் இருந்தார். லங்கா சமசமாஜக் கட்சியின் தாபகர்களில் ஒருவரான பிலிப் குணவர்தனதான் அவர். நெற்காணிச் சட்டம், பஸ் தேசியமயம், கொழும்புத் துறைமுகத் தேசியமயம் என்று அந்தக் காலத்து முற்போக்கு வேலைகளில் அவருடைய கை இருந்தது. இவ்வளவும் செய்த ஒரு கூட்டணியில் டொக்யாட் தொழிலாளிக்கு ஏன் இடமில்லாமல் போனது? இந்தக் கட்டுரையில் நாங்கள் தேடுவது இந்தக் கேள்விக்கான பதிலைத்தான். 'இடதுசாரிக் கூட்டணி' எண்டு ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் என்னென்ன கொள்கைகள் கலந்திருந்தன, எந்த அளவில் கலந்திருந்தன என்று பிரித்துப் பார்ப்பது குறைவு.

பாரிஸில் ஒரு முன்கதை

'மக்கள் முன்னணி' என்ற யோசனை இலங்கையில் பிறந்ததல்ல. 1935இல் கொம்யூனிஸ்ட் அகிலத்தின் ஏழாவது மாநாடு ஒரு புதிய வழியைக் காட்டியது: பாசிசத்தைத் தடுக்க வேண்டுமானால் சோசலிஸ்டுகளோடு மட்டுமல்ல, முதலாளித்துவ சனநாயகக் கட்சிகளோடும் சேரலாம். அடுத்த வருடமே பிரான்சில் அது நடந்தது. சோசலிஸ்ட் கட்சி, கொம்யூனிஸ்ட் கட்சி, 'ராடிக்கல்' கட்சி மூன்றும் சேர்ந்து 1936 தேர்தலில் வென்றன. லெயோன் புளூம் பிரதமரானார். கொம்யூனிஸ்டுகள் அமைச்சுப் பதவி எடுக்காமல் வெளியிலிருந்து ஆதரித்தார்கள். வாரம் 40 மணிநேர வேலை, வருடத்தில் இரண்டு கிழமை சம்பளத்துடன் விடுமுறை ஆகியவை அந்த அரசாங்கத்தின் கொடை.

ராடிக்கல் கட்சியின் பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது. சிறு வியாபாரி, சிறு விவசாயி, ஊர்ப்புறத்து வக்கீல் போன்றவர்களின் கட்சி அது. தனியார் சொத்திலும் பிரெஞ்சுப் பேரரசிலும் அதற்குக் கேள்வி இருக்கவில்லை. அப்படிப்பட்ட ஒரு கட்சியைப் பிடித்து வைத்திருக்க வேண்டுமென்றால் சிலதைப் பேசாமல் விடவேண்டும். அல்ஜீரியாவில் இருபதாயிரத்துச் சொச்சம் முஸ்லிம்களுக்கு மட்டும் முழுக் குடியுரிமை கொடுக்கலாம் என்ற புளூம்–வியோலெத் திட்டம் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்குக்கூட வரவில்லை. அல்ஜீரிய விடுதலை கேட்ட மெசாலி ஹாஜின் 'வட ஆபிரிக்க நட்சத்திரம்' அமைப்பை 1937 ஜனவரியில் கலைத்ததும் அதே இடதுசாரி அரசாங்கம்தான். பாரிஸ் தொழிலாளி விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போன காலத்தில் அல்ஜியர்ஸ் தொழிலாளிக்கு வாக்கு இல்லை.

இந்த மாதிரிக் கூட்டுகளைக் கடுமையாக விமர்சித்தவர் ரொட்ஸ்கி. தொழிலாளர் கட்சி முதலாளித்துவக் கட்சியோடு சேர்ந்தால், கூட்டணியின் எல்லையைத் தீர்மானிப்பது வலதுபக்கத்தில் நிற்கும் பங்காளியாகத்தான் இருக்கும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். இதை இலங்கையில் நன்றாகப் படித்து, மற்றவர்களுக்கும் படிப்பித்தவர்கள் சமசமாஜிகள். கதையின் சோகம் அங்கேதான் இருக்கிறது.

மூன்று நிறங்கள்

லங்கா சமசமாஜக் கட்சி 1935 டிசம்பரில் தொடங்கப்பட்டது. 1940இல் மொஸ்கோ சார்பானவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் 1943இல் இலங்கைக் கொம்யூனிஸ்ட் கட்சியை அமைத்தார்கள். 1947 தேர்தலில் இந்த இரண்டு பிரிவுகளும், சமசமாஜத்திலிருந்து பிரிந்த போல்ஷெவிக் லெனினிஸ்டுகளும் சேர்த்து 18 ஆசனங்களை வென்றார்கள். மொத்தம் 95 ஆசனங்களில் இது சின்ன எண்ணிக்கை இல்லை. அதே தேர்தலில் மலையகத் தொழிலாளர்கள் இலங்கை இந்தியக் காங்கிரஸைச் சேர்ந்த ஏழு பேரைத் தெரிந்தார்கள். வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்கு வாக்களித்தார்கள். அடுத்த இரண்டு வருடத்தில் குடியுரிமைச் சட்டங்களும் தேர்தல் சட்டத் திருத்தமும் அந்த மக்களின் வாக்கைப் பறித்தன. இடதுசாரிகள் அதை எதிர்த்தார்கள். ஆனாலும் பறிபோனது பறிபோனதுதான்.

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேணும். நாட்டின் மிகப் பெரிய தொழிலாளர் வர்க்கம் வாக்காளர் இடாப்பிலிருந்து வெட்டப்பட்டது. மிஞ்சியது கொழும்புத் தொழிலாளரும், தென்மேற்குக் கரையோரச் சிங்கள வாக்காளரும். இனிமேல் இடதுசாரிகள் நாடாளுமன்றத்தில் நிலைக்க வேண்டுமென்றால் இந்த வாக்காளரைத்தான் நம்ப வேண்டும். பின்னால் வந்த கொள்கை மாற்றங்களை 'துரோகம்' என்ற ஒரே சொல்லால் விளங்கிக்கொள்ள முடியாது. இந்தத் தேர்தல் கணக்கும் அதற்குள் இருக்கிறது.

1953 ஓகஸ்ட் 12 ஹர்த்தால் இடதுசாரிகளின் உச்சம். ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏறியது. நாடு நின்றது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூட வேண்டி வந்தது. டட்லி சேனநாயக்க பதவி விலகினார். ஆனால் இதன் பலனை அறுவடை செய்தவர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க.

அவருடைய ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிதான் எங்கட கதையில் ராடிக்கல் கட்சியின் இடத்தில் நிற்பது. பிக்கு, வைத்தியர், ஆசிரியர், விவசாயி, தொழிலாளி என்ற 'ஐம்பெரும் சக்திகள்' அதன் அடித்தளம் என்று சொல்லப்பட்டது. அந்தப் பட்டியலில் தொழிலாளி இருக்கிறார். ஆனால் அவர் சிங்களக் கிராமத்தின் தொழிலாளி. அரச தலையீடு, உள்ளூர்க் கைத்தொழில், அணிசேராமை, இவற்றோடு சிங்களம் மட்டும். முன்னதையும் பின்னதையும் அக்கட்சி வேறு வேறாகப் பார்க்கவில்லை. ஆங்கிலம் படித்த மேட்டுக்குடியிடமிருந்து பறித்துச் 'சாதாரண மக்களுக்கு'க் கொடுப்பது என்ற ஒரே கதைக்குள் இரண்டும் அடங்கின.

1956இல் சிங்களம் மட்டும் சட்டத்துக்கு எதிராகச் சமசமாஜமும் கொம்யூனிஸ்ட் கட்சியும் வாக்களித்தன. இரு மொழிக்கும் சம அந்தஸ்து கொடுத்தால் ஒரு நாடு மிஞ்சும், ஒரு மொழியை மட்டும் வைத்தால் இரண்டு நாடு வரும் என்று கொல்வின் ஆர். டி சில்வா எச்சரித்ததை எங்கட வீடுகளில் இன்றைக்கும் சொல்லுவினம். அதே வருடம் பருத்தித்துறையில் கொம்யூனிஸ்ட் கட்சியின் பொன். கந்தையா வென்றார். தமிழ் வாக்காளருக்கும் இடதுசாரிக்கும் இடையில் ஒரு கதவு அப்போது திறந்துதான் இருந்தது. அந்த ஓகஸ்டில் திருகோணமலையில் கூடிய தமிழரசுக் கட்சி மாநாட்டின் நான்கு கோரிக்கைகளில் சமஷ்டி, மொழிச் சம அந்தஸ்து ஆகியவற்றோடு மலையகத் தமிழரின் குடியுரிமையும் குடியேற்றத்தை நிறுத்துவதும் இருந்தன. இவற்றில் மொழி, குடியுரிமை இரண்டிலும் இடதுசாரிகள் அன்றைக்கு அதே பக்கத்தில் நின்றார்கள்.

501, 159, 75

1960 மார்ச் தேர்தலில் ஆட்சியமைக்கும் கனவோடு சமசமாஜம் நூற்றுக்கும் மேற்பட்ட தொகுதிகளில் போட்டியிட்டது. கிடைத்தது 10. அதே வருட யூலைத் தேர்தலில் சுதந்திரக் கட்சியோடு போட்டித் தவிர்ப்பு உடன்பாடு செய்தபோது 12 கிடைத்தது. பாடம் தெளிவாக இருந்தது. தனியே போனால் தேய்வோம், சேர்ந்து போனால் பிழைப்போம்.

1963 ஓகஸ்ட் 12, ஹர்த்தாலின் பத்தாவது ஆண்டு நாளில், சமசமாஜம், கொம்யூனிஸ்ட் கட்சி, பிலிப்பின் மகாஜன எக்சத் பெரமுன மூன்றும் 'ஐக்கிய இடதுசாரி முன்னணி'யை அமைத்தன. மூன்றும் இடதுசாரிகளே. ஆனால் பிலிப் அப்போது சிங்களம் மட்டும் கொள்கைக்காரர். அவரோடு சேர்வதற்கே மொழி விசயத்தில் வாயை அடக்க வேண்டியிருந்தது. முன்னணி ஒரு வருடம்கூட நிலைக்கவில்லை. சிறிமாவோ பண்டாரநாயக்க கூட்டரசுக்கு அழைத்தார்.

1964 யூன் மாதச் சமசமாஜ மாநாட்டில் மூன்று தீர்மானங்கள் மோதின. சுதந்திரக் கட்சியோடு கூட்டரசில் சேரலாம் என்ற என்.எம். பெரேராவின் தீர்மானத்துக்கு 501 வாக்குகள். சேரவே கூடாது என்ற இடது அணிக்கு 159. ஐக்கிய இடதுசாரி முன்னணியாகச் சேர்ந்தே போகவேண்டும் என்ற கொல்வின், லெஸ்லி குணவர்தன நிலைப்பாட்டுக்கு 75. எட்மண்ட் சமரக்கொடி, பாலா தம்பு முதலானோர் பிரிந்துபோய்ப் புரட்சிகர சமசமாஜத்தை அமைத்தார்கள். நான்காம் அகிலம் கட்சியை வெளியேற்றியது. என்.எம். நிதியமைச்சரானார். ரொட்ஸ்கியவாதிகள் என்று அறியப்பட்ட ஒரு கட்சி முதலாளித்துவ அரசாங்கத்தில் அமர்ந்தது உலகெங்கும் பேசப்பட்டது.

அந்தக் கூட்டரசு ஆறு மாதம்தான் இருந்தது. அதற்குள் ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இங்கே, மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரின் கதை பிறகு. 1948இல் குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்துப் பேசியவர்கள் அமைச்சரவையில் இருக்கும்போதே இது நடந்தது.

இன்னும் மோசமானது 1966 ஜனவரி 8. டட்லி அரசாங்கம் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் ஒழுங்குவிதிகளைக் கொண்டுவந்தபோது சுதந்திரக் கட்சியோடு சமசமாஜமும் கொம்யூனிஸ்ட் கட்சியும் எதிர்ப்பு ஊர்வலம் போயின. டட்லியின் வயிற்றில் மசாலா வடை என்று இனவாதக் கோஷம் எழுந்த ஊர்வலம் அது. பத்து வருடத்தில் சம அந்தஸ்திலிருந்து மசாலா வடைக்கு. கொள்கை ஒரே நாளில் மாறவில்லை. ஒவ்வொரு தேர்தல் உடன்பாட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது.

நியாயமாகப் பேசினால் தமிழ்ப் பக்கமும் கேள்விக்குத் தப்பாது. தமிழரசுக் கட்சி 1965இல் ஐக்கிய தேசியக் கட்சியின் அரசாங்கத்தில் சேர்ந்தது. அதே அமைச்சரவையில் பிலிப் குணவர்தனவும் இருந்தார்! உள்ளூராட்சி அமைச்சர் மு. திருச்செல்வம், கோணேசர் கோயில் சூழலைப் புனித பிரதேசமாக்குவது பற்றி ஆராய ஒரு குழுவை நியமித்தார். பிக்கு ஒருவரின் எதிர்ப்பையடுத்துப் பிரதமர் அதைத் தடுத்தார். 1968இல் திருச்செல்வம் பதவி விலகினார். ஆக, கோணேசர் மலையடியில் வலதுசாரிக் கூட்டும் உடைந்திருக்கிறது. மற்றப் பக்கத்தில், வடக்கில் சாதிக்கு எதிராகத் தெருவில் இறங்கியவர்கள் என். சண்முகதாசனின் பீக்கிங் சார்புக் கொம்யூனிஸ்டுகள். 1966 ஒக்டோபர் 21 ஊர்வலம், 1968 மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டம் என்று அவர்கள் நின்ற இடத்தில் தமிழ்த் தேசியத் தலைமை நிற்கவில்லை. 'தமிழர்' என்ற கூட்டணிக்கும் வெளியில் விடப்பட்டவர்கள் இருந்தார்கள்.

1972: இரண்டு ஆவணங்கள்

1968இல் பொது வேலைத்திட்டத்தோடு அமைந்த ஐக்கிய முன்னணி 1970 மே தேர்தலில் 151இல் 116 ஆசனங்களை வென்றது. சுதந்திரக் கட்சி 91, சமசமாஜம் 19, கொம்யூனிஸ்ட் கட்சி 6. இந்த எண்களைப் பாருங்கள். சுதந்திரக் கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை இருந்தது. இடதுசாரிகள் இல்லாமலே ஆளலாம். அப்படியான கூட்டில் சின்னப் பங்காளியின் பேரம் எவ்வளவு தூரம் போகும்?

ஓரளவு போனது. 1972 காணிச் சீர்திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய நிலத்தை 50 ஏக்கராகவும் வயலை 25 ஏக்கராகவும் மட்டுப்படுத்தியது. 1973இல் வீட்டுடைமைக்கு உச்சவரம்பு வந்தது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. வர்க்கம் என்ற கேள்வியில் இது சும்மா பேச்சு அல்ல. ஆனால் 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர்களை அடக்கியபோதும் அந்த அமைச்சரவையில் இடதுசாரிகள் இருந்தார்கள். மொழிவாரித் தரப்படுத்தல் வந்தபோதும் இருந்தார்கள்.

1972 மே 22 குடியரசு யாப்பு எல்லாவற்றுக்கும் உச்சம். அதை வரைந்த அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா. பிரித்தானிய முடியோடு இருந்த தொடர்பை வெட்டியது, குடியரசாக்கியது. அது இடதுசாரிகளின் நெடுநாள் கனவு. அதே ஆவணம் பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது, சிங்களத்தை யாப்பிலேயே அரச கரும மொழியாக்கியது, சிறுபான்மையினருக்குச் சோல்பரி யாப்பில் இருந்த 29ஆம் பிரிவை இல்லாமல் செய்தது. தமிழரசுக் கட்சி ஒரு வருடம் முன்னரே அரசியல் நிர்ணய சபையிலிருந்து வெளியேறியிருந்தது.

அடுத்த மாதம், யூன் 27, பிரான்சில் மித்தரோனின் சோசலிஸ்டுகளும் கொம்யூனிஸ்டுகளும் 'பொது வேலைத்திட்டம்' ஒன்றில் கையெழுத்திட்டார்கள். இரண்டு நாட்டிலும் 1977 முறிவின் வருடமானது. அங்கே தேசியமயத்தை எவ்வளவு தூரம் கொண்டுபோவது என்ற சண்டையில் உடன்பாடு உடைந்தது. ஆனால் 1981இல் மித்தரோன் வென்று நான்கு கொம்யூனிஸ்டுகளை அமைச்சராக்கினார். இங்கே 1975 செப்டெம்பரில் சமசமாஜம் அரசிலிருந்து வெளியேற்றப்பட்டது. 1977 தேர்தலில் சமசமாஜத்துக்கும் கொம்யூனிஸ்ட் கட்சிக்கும் ஒரு ஆசனமும் இல்லை. தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்களோடு எதிர்க்கட்சியானது. திருகோணமலையில் இரா. சம்பந்தன் முதல்தடவை நாடாளுமன்றம் போனார். வர்க்கம் பேசியவர்கள் இருந்த இடம் காலியானது. அந்த இடத்தில் இனம் மட்டும் பேசப்பட்டது, இரண்டு பக்கத்திலும்.

இன்றைய கூட்டணி

பழைய கதை எங்களுக்கு எதற்கு எண்டு கேட்கலாம். 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 225இல் 159 ஆசனங்களை எடுத்தது. திருகோணமலையின் நான்கில் இரண்டு அவர்களுக்கு. எங்கட வயதுக்காரர் பலர் வாழ்க்கையில் முதல்தடவை ஒரு தென்னிலங்கைக் கட்சிக்குப் புள்ளடி போட்ட தேர்தல் அது. ஊழல், விலைவாசி, பழைய முகங்கள் மீதான வெறுப்பு. காரணங்கள் உண்மையானவை, எள்ளி நகையாடுவதற்கு எதுவுமில்லை.

தேசிய மக்கள் சக்தியும் ஒரு கலவைதான். நடுவில் ஜே.வி.பி., சுற்றிவரத் தொழிற்சங்கங்கள், பெண்கள் அமைப்புகள், பல்கலைக்கழக ஆசிரியர்கள், தொழில்வாண்மையாளர்கள். ஜே.வி.பி.க்கு மார்க்சிய–லெனினிய வேர் இருக்கிறது. 'இந்திய விஸ்தரிப்புவாதம்' பற்றிய வகுப்பிலிருந்து வந்த இன்னொரு வேரும் இருக்கிறது. 1987 இலங்கை–இந்திய ஒப்பந்தத்தை எதிர்த்து ஆயுதம் எடுத்ததும், 2005இல் சுனாமி நிவாரணப் பொதுக்கட்டமைப்பை எதிர்த்துக் கூட்டரசிலிருந்து வெளியேறியதும், வடக்குக் கிழக்கு இணைப்புக்கு எதிராக நீதிமன்றம் போனதும் அந்த வேரிலிருந்துதான். 2006 ஒக்டோபர் 16 தீர்ப்போடு இணைந்த மாகாணம் முடிவுக்கு வந்தது. அந்த மாகாணத்தின் தலைநகர் திருகோணமலை. எங்களுக்கு இது பாடப்புத்தக விசயம் இல்லை.

பிரான்சிலும் 2024இல் 'புதிய மக்கள் முன்னணி' என்று பெயர் வைத்தே ஒரு கூட்டணி வந்தது. மெலன்ஷோனின் கட்சி, சோசலிஸ்டுகள், பசுமைக் கட்சி, கொம்யூனிஸ்டுகள் நான்கு பேரும் தீவிர வலதுசாரியைத் தடுக்க ஒருசில நாட்களில் சேர்ந்தார்கள். அணுமின்சக்தி, ஐரோப்பிய ஒன்றியம் பற்றி அவர்களுக்குள் ஒத்த கருத்தில்லை. அதை மறைக்கவுமில்லை. முரண்பாடு இருப்பது ஒரு கூட்டணியின் குற்றமல்ல. எந்த முரண்பாட்டை 'பிறகு பார்க்கலாம்' என்று தள்ளுகிறார்கள், அந்தப் 'பிறகு' யாருடைய தலையில் விழுகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. 1936இல் அது அல்ஜீரியர் தலையில் விழுந்தது. 1957இல் டொக்யாட் தொழிலாளியின் தலையில், 1964இல் தோட்டத் தொழிலாளியின் தலையில், 1972இல் தமிழ்பேசும் எல்லோர் தலையிலும் விழுந்தது. ஒவ்வொரு முறையும் சொல்லப்பட்ட காரணம் ஒன்றே: முதலில் பொருளாதாரம், முதலில் ஐக்கியம், மற்றது தானாகத் தீரும்.

தேசிய மக்கள் சக்தி புதிய யாப்பு வாக்களித்திருக்கிறது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவதாகவும் வாக்களித்திருக்கிறது. இந்த இரண்டும் எங்களுக்கான அளவுகோல். பெரும்பான்மை இல்லை, பங்காளி விடவில்லை என்ற சாட்டு 159 ஆசனத்தோடு சொல்ல முடியாதது. 1970இலும் மூன்றிலிரண்டு இருந்தது, அப்போது அது எதற்குப் பயன்பட்டது என்று தெரியும்.

இடதுசாரியம் எங்களுக்கு வேண்டாத பொருள் என்று நாங்கள் சொல்லவில்லை. அரிசி விலைக்காக நாட்டை நிறுத்தியதும், கோயில் கதவைத் திறக்க அடி வாங்கியதும் அதே மரபுதான். அந்த மரபின் நல்ல பக்கத்தைக் கேட்டு வாங்க வேண்டுமென்றால், கூட்டணி ஒன்றின் வேலைத்திட்டம் கையில் கிடைக்கும்போது அதில் எழுதியிருப்பதோடு எழுதாமல் விட்டதையும் வாசிக்கப் பழக வேணும். வாக்குப் போட்டவர்களுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை இன்னும் கூட. அடுத்த முறை யாராவது ஊருக்குக் கூட்டம் வைக்க வந்தால் யாப்பைப் பற்றியும் அந்தச் சட்டத்தைப் பற்றியும் முதல் கேள்வியாகக் கேளுங்கள். விலைவாசியைப் பற்றி அவர்களே சொல்லுவார்கள்.